என் தப்பாகவே இருக்கட்டும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு நாள் நடந்தது இது. அங்கே ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் நான் பயிற்சியில் இருந்தேன். பயிற்சி என்றதும் பத்தொன்பது, இருபது வயதுப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அப்போதே முப்பத்து நான்கு. ஆனேக்கல் பக்கம் வீடு, ஸ்கூலுக்குப் போகிற மகள். அதற்கு முன்னால் பல வருடம் கார்மென்ட்ஸில் தையல் மெஷின் முன் உட்கார்ந்து சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தவள். திடீரென்று ஒரு நாள் யூனிட்டை மூடிவிட்டார்கள். "இனிமே என்ன பண்ணப் போற?" என்று கேட்காத ஆள் கிடையாது. கேட்கிறவர்களின் வாயை அடைக்கவாவது ஏதாவது செய்ய வேண்டும் என்று லேப் அசிஸ்டென்ட் கோர்ஸில் சேர்ந்தேன். ஊசி பிடித்துப் பழகின கைதானே, இந்த ஊசியையும் பிடித்துவிடும் என்று ஒரு மிதப்பு வேறு.

அந்த மிதப்பெல்லாம் முதல் வாரத்திலேயே இறங்கிவிட்டது. துணி கத்தாது, மனுஷன் கத்துவான். ஊசி நரம்பில் இறங்குவதற்குள் அவர் கையை இழுப்பார். எப்படியோ இறக்கிவிட்டாலும் ரத்தம் மெதுவாக வந்தால் பயத்தில் சிரிஞ்சைப் பிடித்து வேகமாக இழுப்பேன். அங்கேதான் வினையே.

ரத்தத்தை அப்படி இழுத்தால் அதிலுள்ள சிவப்பு அணுக்கள் உடைந்துபோகும். டியூபை மெஷினில் வைத்துச் சுற்றினால் அணுக்கள் அடியில் தங்கி, மேலே தண்ணீர் மாதிரி ஒன்று தெளிந்து நிற்கும். அதுதான் சீரம். அது வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். அணுக்கள் உடைந்திருந்தால் ரோஸ் நிறமாகிவிடும். அணுக்களுக்குள் இருந்ததெல்லாம் வெளியே கொட்டிவிடுவதால் மெஷின் கொடுக்கிற கணக்கும் பொய்யாகிவிடும். முக்கியமாக பொட்டாசியம் என்கிற உப்புச் சத்து, உடம்பில் சரியாக இருந்தாலும் டியூபில் ஏறிக் காட்டும். அந்த சாம்பிளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆளைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு தடவை குத்த வேண்டியதுதான்.

என்னுடைய டியூப்கள் அடிக்கடி ரோஸாக வந்தன. என்னோடு பயிற்சியில் இருந்த பெண்ணுக்கு என்னில் பாதி வயதுதான் இருக்கும். வாய் மட்டும் ரெண்டு மடங்கு. "என்னக்கா, இன்னைக்கும் ரோஸ் மில்க்கா?" என்பாள். இப்படித்தான் லேப் முழுக்க நான் ரோஸ் மில்க் அக்கா ஆனேன். எங்கள் சீனியர் டெக்னீஷியன் மேடம் கன்னடக்காரர். குரலை உயர்த்தியே நான் பார்த்ததில்லை. டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருக்கும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்திருக்கிறவர்களிடம், "தலை சுத்துதா? ஒரு எளநி குடிச்சுட்டுப் போங்க" என்று சொல்வது எங்கள் லேபில் வழக்கம். பாடத்தில் வந்ததில்லை, மேடமும் சொல்லச் சொன்னதில்லை. சுகர் இருக்கிறவர்களை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லோரிடமும் சொல்வோம். குத்துப்பட்டவரை வெறுங்கையோடு அனுப்பாமல் ஏதோ ஒரு நல்ல வார்த்தை. அவ்வளவுதான் நினைத்திருந்தோம்.

அன்று காலை ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஸ்ரீராம்புரத்துக்காரர், கம்பெனி கேப் ஓட்டுகிறவர். ராத்திரி ஷிஃப்ட் முடித்த பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிவிட்டு, தூங்காத கண்ணோடு நேராக எங்களிடம் வந்திருந்தார். கால் லேசாக வீங்குகிறதென்று டாக்டரிடம் போயிருக்கிறார். டாக்டர் கிட்னி டெஸ்ட், உப்புச் சத்து டெஸ்ட் எல்லாம் எழுதிக்கொடுத்திருந்தார். சுகர் கிடையாது, பிபிக்கு மட்டும் பல வருடமாக மாத்திரை. நான் தமிழில் பேசியதும் மனிதருக்கு முகமெல்லாம் பல். "நம்ம ஆளா சிஸ்டர் நீங்க? அப்ப வலிக்காது" என்றார்.

நன்றாகவே வலித்திருக்கும். நரம்பு கைக்கே சிக்கவில்லை. முதல் குத்தில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது குத்தில் சொட்டுச் சொட்டாக வந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. இழுக்காதே, இழுக்காதே என்று மனசு சொல்கிறது, கை இழுக்கிறது. "பதறாதீங்க சிஸ்டர். ரோட்ல நாள் பூரா ஹார்ன் அடிச்சு உயிரை எடுக்கறானுங்க, அதுக்கு முன்னால இதெல்லாம் ஒரு கொசுக்கடி" என்று அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார். ஒரு வழியாக டியூப் நிறைந்தது.

கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே, "எளநி குடிக்கலாமா சிஸ்டர்? உடம்பெல்லாம் ஒரே சூடு" என்று கேட்டார். ரெண்டு தடவை குத்தியும் முகம் சுளிக்காத மனிதர். "தாராளமா குடிங்கண்ணா. ஒண்ணு என்ன, ரெண்டாவே குடிங்க" என்று தாராளமாகச் சொல்லி அனுப்பினேன். பக்கத்துத் தெருவில் கேப்கள் நிறுத்துகிற காலி சைட்டில் வண்டி நிற்கிறது, சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுவிட்டு அடுத்த பிக்கப்புக்குக் கிளம்பணும், சாயங்காலம் வந்து ரிப்போர்ட் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய சாம்பிளை மெஷினில் போட்டோம். பொட்டாசியம் ஏழுக்கு மேலே காட்டியது. அது மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய சங்கதி. ஏழைத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி, எந்த நேரமும் நின்றுபோகலாம். வலி, மயக்கம் என்று முன்கூட்டியே ஒரு அறிகுறியும் காட்டாமலே நின்றுபோகலாம் என்று வகுப்பில் படித்திருக்கிறேன்.

மேடம் டியூபை எடுத்தார். வழக்கம்போல வெளிச்சத்தில் பிடித்தார். சீரம் லேசாக ரோஸ் கலந்த மஞ்சளாக இருந்தது. இப்படியும் இல்லை, அப்படியும் இல்லை. வழக்கம்போல என்னைப் பார்த்தார். "நீதானே எடுத்த?" என்றார். தலையை ஆட்டினேன். சாம்பிள் கெட்டிருக்கிறது, இந்த ரிப்போர்ட்டை வெளியே அனுப்ப முடியாது, ஆளைக் கூப்பிட்டு மறுபடி எடு என்றார். போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவே இல்லை. தூங்குவார் போலிருக்கிறது, சாயங்காலம் ரிப்போர்ட் வாங்க வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு மேடம் அடுத்த வேலையைப் பார்த்தார். அவரைக் குறை சொல்லவே மாட்டேன். என் கையில் அதுவரை வந்த டியூப்களைப் பார்த்திருந்தால் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். எனக்கே, அப்பாடா, வழக்கமான நம்ம கோளாறுதான் என்று ஒரு நிம்மதி வந்தது.

அந்த நிம்மதி ரொம்ப நேரம் நிற்கவில்லை. அடுத்தவருக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். இவ்வளவு லேசான ரோஸுக்கு பொட்டாசியம் அவ்வளவு உயரம் ஏறுமா என்று ஒரு சந்தேகம் தலையைத் தூக்கியது. கொஞ்சம் ஏறும். இவ்வளவா? எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் சொன்னதை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் பொட்டாசியம் வெளியேறாமல் தங்கும். சில பிபி மாத்திரைகளும் ஏற்றிவிடும். அப்படிப்பட்டவர்கள் எதையெல்லாம் தொடக்கூடாது? வாழைப்பழம், சாத்துக்குடி...

இளநீர். ஒன்றுக்கு ரெண்டாகக் குடியுங்கள் என்று என் வாயால் சொல்லி அனுப்பியிருக்கிறேன்!

கார்மென்ட்ஸில் இருந்தபோது ஏதாவது காலர் கோணலாக வந்து சூப்பர்வைசர் கத்த ஆரம்பித்தால், சாமி, இது என் மெஷினில் தைத்ததாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்வேன். லைனில் இருந்த எல்லோரும் அப்படித்தான் வேண்டுவோம். அன்றைக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தலைகீழாக வேண்டினேன். இது என் தப்பாகவே இருக்கட்டும். ரத்தத்தை நான்தான் கெடுத்திருக்க வேண்டும். அந்த மனிதர் உடம்பில் ஒன்றும் இருக்கக்கூடாது. மேடம் என்னை எப்படி வேண்டுமானாலும் பார்த்துவிட்டுப் போகட்டும்.

வேண்டிக்கொண்டாலும் உட்காரத்தான் முடியவில்லை. எழுந்து மேடத்திடம் போய், "மேடம், ஒருவேளை இது என் தப்பா இல்லன்னா?" என்று கேட்டேன். இளநீர் விஷயத்தையும் சொன்னேன். மேடம் அந்த டியூபை மறுபடி எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த லேபிள்களை வாங்கிக்கொண்டு, "ஹோகு, பேகா ஹோகு" என்று கன்னடத்தில் விரட்டினார். போ, சீக்கிரம் போ.

வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். அந்தத் தெருவில் கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். காலி சைட்டுக்குப் போய் நின்றால், எனக்குத் தலையே சுற்றியது. வரிசை வரிசையாக வெள்ளை வண்டி. எல்லாம் ஒரே மாதிரி, எல்லாவற்றிலும் மஞ்சள் நம்பர் பிளேட். ஜன்னல் வழியாகக் காலை வெளியே நீட்டிக்கொண்டு தூங்குகிற டிரைவர்கள். இதில் அவர் வண்டி எது? நம்பர் எனக்குத் தெரியாது. என்ன விஷயம் என்று சத்தம் போட்டுச் சொல்லவும் கூடாது. ஒருத்தர் ரிப்போர்ட்டைப் பற்றி இன்னொருத்தரிடம் மூச்சு விடக்கூடாது என்பதுதான் எங்கள் தொழிலில் முதலில் சொல்லிக்கொடுப்பது.

அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டினேன். ஒருவர் கண்ணைத் திறக்காமலே, "ஏம்மா, எங்கனா பத்திக்கிச்சா?" என்று எரிந்து விழுந்தார். அப்போது தோளில் துண்டு போட்ட ஒரு டிரைவர் இறங்கி வந்தார். "யாரு வேணும் மேடம்? ஏனாய்து, என்ன ஆச்சு?" என்று கேட்டார். டெஸ்ட் ஒன்று திரும்ப எடுக்க வேண்டும், அவசரம் என்று மட்டும் சொன்னேன். "நம்ம ஸ்ரீராம்புரம் அண்ணனா? இப்பத்தானே எளநி வண்டிகிட்ட பார்த்தேன்" என்று கை காட்டினார்.

சைட்டின் அந்தக் கோடியில், டோல் ரோடு மேம்பாலத்து நிழலில் இளநீர் வண்டி நின்றது. நம்ம ஆள் தலையை அண்ணாந்து, இளநீரை அப்படியே வாயில் சரித்துக்கொண்டிருந்தார். காலடியில் குடித்து முடித்த இன்னொரு காய் கிடந்தது. "அண்ணா, குடிக்காதீங்க!" என்று நான் போட்ட கூச்சலில் அவர் திடுக்கிட்டு, பாதி இளநீர் சட்டையில் கொட்டிவிட்டது. போன வேகத்தில் மீதிக் காயை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். இளநீர்க்காரர் அரிவாளும் கையுமாக, இது என்னடா லூசு என்கிற மாதிரி என்னையே பார்த்தார்.

"நீங்கதானே சிஸ்டர் ரெண்டா குடிக்கச் சொன்னீங்க?" என்றார் அவர்.

அந்தக் கேள்வியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

சாம்பிள் சரியில்லை, இப்போதே திரும்ப எடுக்க வேண்டும் என்றேன். மனிதர் அசைந்து கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் பிக்கப் இருக்கிறதாம். நாலு பேரை ஏற்றிக்கொண்டு டோல் ரோட்டில் போக வேண்டுமாம். ஒரு ட்ரிப் விட்டாலும் சூப்பர்வைசர் கிழித்துத் தொங்கவிடுவாராம். "சாயங்காலம் வர்றேன் சிஸ்டர், எங்க ஓடிப்போகப் போறேன்? நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றார். சட்டையை உதறிக்கொண்டே, "காலு மட்டும்தான் கொஞ்சம் கனமா கெடக்குது. ரெண்டு நாளா கிளட்ச் மிதிக்கவே தெம்பில்ல. வெயில்தான், வேற என்ன" என்றார்.

பொட்டாசியம் ஏறினால் தசையில் பலம் குறையும், அது காலில்தான் முதலில் தெரியும் என்பதும் பாடத்தில் இருந்தது. கொஞ்சம் தள்ளிப் போய் மேடத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். இங்கே கூட்டி வந்து நேரத்தை வீணாக்காதே, நேராக ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போ, ஸ்டியரிங்கில் மட்டும் அவரை உட்கார விடாதே என்றார். அந்த மனிதர் நாலு பேரோடு அந்தப் பாலத்தின் மேல் வண்டியை விரட்டிக்கொண்டு போவது என் கண் முன்னாலேயே வந்து நின்றது.

ஆனால் எப்படிக் கூட்டிப் போவது? உங்கள் இதயம் நின்றுவிடலாம் என்று சொல்ல நான் யார்? டாக்டரா? பயிற்சிக்கு வந்த பொம்பளை. சொன்னால் நம்புவாரா? நம்பினால் அந்தப் பயத்திலேயே ஏதாவது ஆகிவிட்டால்? வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அண்ணா, தப்பு என்னோடதுண்ணா. நான் இன்னும் பயிற்சியிலதான் இருக்கேன். உங்க ரத்தத்தை நான்தான் கெடுத்துட்டேன். இப்படி அடிக்கடி கெடுக்கறேன். இதையும் திரும்ப எடுக்கலன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எங்க லேப்ல மெஷின் வேற சரியில்ல, பக்கத்து ஆஸ்பத்திரியில போய்த்தான் எடுக்கணும். பொண்ணு படிக்குதுண்ணா."

இதில் எது நிஜம், எது பொய் என்று கேட்டால் அந்த நேரத்தில் எனக்கே தெரியாது. சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அது மட்டும் நடிப்பில்லை.

அவர் பதறிப்போனார். "அட, இதை முதல்லயே சொல்றதுக்கென்னம்மா? ஒரு ஊசிக்கா இவ்ளோ அழுகை?" என்றார். அதுவரை சிஸ்டராக இருந்தவள் அம்மா ஆகிவிட்டேன். வண்டிக்குப் போய், சத்தத்தை அடக்கி சார்ஜ் போட்டிருந்த போனை எடுத்தார். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, பிக்கப்புக்கு வேறு வண்டி அனுப்பச் சொன்னார். அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "ஆய்து சார், ஆய்து சார்" என்று கன்னடத்தில் சரி சொல்லிவிட்டு வைத்தார். தன் உடம்புக்காக ஒரு ட்ரிப்பை விடாத மனிதர், முன்பின் தெரியாத என் வேலைக்காக விட்டுவிட்டார்.

கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறப் போனார். நான் என்ன சொல்வதென்று முழித்துக்கொண்டிருந்தபோது துண்டு போட்ட டிரைவர் வந்து, "கீ கொடுண்ணா, நான் ஓட்டறேன். ஊசி குத்தற கை, நீ சும்மா உக்காரு" என்று சாவியை வாங்கிக்கொண்டார். கண்ணாடியில் ஒரு தடவை என்னைப் பார்த்தார். என்ன விஷயம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் வண்டியை அவர் எடுத்த வேகத்திலேயே புரிந்துகொண்டார் என்று தெரிந்தது.

வழி முழுக்க ஸ்ரீராம்புரத்து அண்ணன் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். டிரைவிங் கத்துக்கொண்ட காலத்தில் ஓனர் வண்டியைக் கொண்டுபோய் காம்பவுண்டுச் சுவரில் முட்டினாராம். "கத்துக்கறப்ப எல்லாரும்தான் இடிப்போம். இதுக்கெல்லாம் மனசை விட்டுடாதம்மா" என்றார். நான் அவர் பேச்சில் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் இடைவெளி கூடுகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். எதிரே சிக்னல் சிவப்பில் நின்ற ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வாசலில் இருந்த நர்ஸ் காதில் அந்தப் பொட்டாசியம் எண்ணைச் சொன்னேன். அந்தப் பெண் திருப்பிக்கூடக் கேட்கவில்லை. வீல் சேர் வந்தது. "நடந்தே வர்றேனே, ஒரு ஊசிக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று அவர் சிரித்தார். படுக்க வைத்து நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். பேப்பர் வெளியே வரும்போதே எட்டிப் பார்த்தேன். அலைகள் கூடாரம் போட்ட மாதிரி கூர்கூராக நின்றன. அதே படத்தைப் புத்தகத்தில், பொட்டாசியம் ஏறினால் என்கிற பாடத்தில் பார்த்திருக்கிறேன். டாக்டர் பேப்பரைப் பார்த்ததும் அதுவரை நிதானமாக நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் வேகமாக நடக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தரும் சத்தம் போடவில்லை. திரையை இழுத்துவிட்டார்கள்.

என் தப்பு இல்லை. நான் எடுத்த சாம்பிள் சரி. அதை நினைத்து ஒரு துளி சந்தோஷம்கூட வரவில்லை. போச்சே, போச்சே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

திரைக்கு வெளியே அவருடைய ஒரு பாதம் மட்டும் தெரிந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒரு ஊசின்னுதானம்மா சொன்ன?" அப்புறம், ரொம்ப மெதுவாக, "இது உன் தப்பு இல்லையா?" என்று கேட்டார்.

நான் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். "இல்லண்ணா" என்றேன். நின்ற இடத்திலேயே அழுதேன்.

இதயத்தைக் காக்க ஒரு ஊசி, பொட்டாசியத்தை இறக்க இன்னொரு மருந்து என்று மாறி மாறிக் கொடுத்தார்கள். அங்கே எடுத்த சாம்பிளில் நான் பார்த்ததைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஸ்ரீராம்புரத்திலிருந்து அவர் மனைவி ஓடி வந்தார். வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்கக் கேட்க அந்த அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். பிபிக்கு நல்லதென்று சாதா உப்பை நிறுத்திவிட்டு, சோடியம் குறைத்த உப்பைத் தேடி வாங்கிச் சமைக்கிறாராம். சோடியத்துக்குப் பதிலாக அதில் சேர்ப்பதே பொட்டாசியம்தான். தினம் வாழைப்பழம், வெயிலுக்கு இளநீர். கிட்னி சத்தமில்லாமல் பழுதாகிக்கொண்டிருந்த ஒரு மனிதருக்கு, அந்த அம்மா அக்கறையாகப் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் எமனாக வந்திருக்கிறது. "நல்லதுன்னுதானே பண்ணேன்" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். நானும் அப்படித்தானே சொல்லி அனுப்பினேன்? அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு தடவை டயாலிசிஸ் செய்தார்கள். மாத்திரையை மாற்றினார்கள். சில நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் லேபில் அதற்கப்புறம், பிபி மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கிட்னியில் ஏதாவது தொந்தரவா என்று கேட்காமல் யாரும் யாருக்கும் இளநீர் சொல்வதில்லை. என்னோடு இருந்த வாயாடிப் பெண்ணும் ரோஸ் மில்க் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "ஏண்டி, ரொம்ப மரியாதை கொடுக்கற? பழையபடி கூப்பிடு" என்று நானே திட்டினேன்.

ரெண்டு மாதம் கழித்து அவர் மறுபடி டெஸ்டுக்கு வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். ராத்திரி டியூட்டியை விட்டுவிட்டாராம், இப்போது பகல் வண்டி மட்டும்தானாம். வேறு யாரிடமும் கை நீட்ட மாட்டேன் என்று எனக்காகக் காத்திருந்தார். உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "இந்தப் பொண்ணு வேலையை யாரு காப்பாத்தினதுன்னு நினைக்கறீங்க? நான்தான்!" என்றார். விவரம் தெரியாமல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவர் சொன்னதும் ஒரு வகையில் நிஜம்தான். அன்றைக்கு அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் இந்த வேலையில் இருந்திருக்கவே மாட்டேன்.

பயிற்சி முடிந்து அதே லேபில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். கை இப்போது நன்றாகப் பழகிவிட்டது. ஆனாலும் எப்போதாவது ஒன்று கெட்டுப்போகத்தான் செய்கிறது. போன மாதம் ஒரு ஐ.டி. பையனின் சாம்பிளில் பொட்டாசியம் ஏகத்துக்கு ஏறிக் காட்டியது. போன் போட்டேன். மீட்டிங்கில் இருக்கிறேன், நாளைக்கு வருகிறேன் என்றான். விடவில்லை. திரும்பத் திரும்பப் போன் போட்டு, கெஞ்சி, கடைசியில் மிரட்டி, டிராஃபிக்கில் ஆட்டோ பிடித்து வர வைத்தேன். மறுபடி எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. முதல் சாம்பிளைக் கெடுத்தது நான்தான்.

பையன் ருத்திர தாண்டவம் ஆடிவிட்டான். பயத்தில் அம்மாவுக்கு வேறு போன் செய்து சொல்லிவிட்டானாம், அவர்கள் அங்கே அழுதுகொண்டிருக்கிறார்களாம். "உங்களுக்கெல்லாம் யாருங்க சர்ட்டிஃபிகேட் கொடுத்தது?" என்று லேபே அதிரக் கத்தினான். அவன் கோபத்தில் ஒரு தப்பும் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். ஆனால் என்ன செய்தும் முகத்தில் சிரிப்பு வந்துகொண்டே இருக்கிறது, அடக்கவே முடியவில்லை. "இதுல சிரிப்பு வேறயா?" என்று இன்னும் கத்திவிட்டு, ரெண்டு ரெண்டு படியாகத் தாண்டி இறங்கிப் போனான். அப்படி ஒருவர் என்னைத் திட்டிக்கொண்டே தன் காலால் நடந்து வீட்டுக்குப் போகிற நாளைவிட நல்ல நாள் இந்தத் தொழிலில் எனக்குக் கிடையாது.